மழைக்குப் பின் தானாக முளைக்கும் மூன்று கீரைகள்: கொல்லையில் எதை விட்டுவைப்பது?

ஐப்பசியில் இரண்டு நல்ல மழை விழுந்தால் போதும், யாரும் விதைக்காத கீரைகள் எங்கள் கொல்லையில் மண்ணைக் கீறிக்கொண்டு வந்துவிடுகின்றன. எங்கள் வீடு விருதுநகருக்கு அருகே, கரிசலும் செவலும் கலந்து கிடக்கும் ஓர் ஊரில் இருக்கிறது. வீட்டின் பின்னால் உள்ள இடம் இரண்டு சென்ட். துணி துவைக்கும் கல், முருங்கை, இரண்டு வாழை ஆகியவை போக எஞ்சுவது நான்கு பாத்திகள்தாம். அவற்றில் கத்தரியும் வெண்டையும் வைக்க வேண்டியிருப்பதால் முளைத்த எல்லாவற்றையும் விட்டுவைக்க முடியாது. உணவாகும் செடி என்று தெரிந்த பிறகு எல்லாவற்றையும் கொத்திப் போடவும் மனம் வருவதில்லை. ஒரே ஒரு பாத்தியை இந்தக் காட்டுக் கீரைகளுக்கென்று ஒதுக்கலாம் என்று முடிவு செய்த பின், அந்தப் பாத்தியில் நல்வேளையை விடுவதா, பருப்புக்கீரையை விடுவதா, குப்பைக்கீரையை விடுவதா என்ற கேள்வி எழுந்தது. மூன்று மழைக்காலம் மூன்றையும் வளரவிட்டு, பறித்து, சமைத்து, வீட்டாருக்குப் பரிமாறிப் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்தை இங்கே எழுதுகிறேன்.

கீரை என்றதும் பலரும் முதலில் கேட்பது எதில் சத்து அதிகம் என்பதைத்தான். மூன்றிலும் சுண்ணாம்புச் சத்தும் இரும்பும் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினும் தாராளமாக உண்டு. மண்ணையும் இலையின் முற்றலையும் பறிக்கும் பருவத்தையும் பொறுத்து அளவு மாறும். ஆகவே சத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்து மற்ற இரண்டைத் தள்ளுவதில் பொருளில்லை. எனக்கு முக்கியமாகப்பட்டவை வேறு. வேறொரு செடியோடு குழம்பாமல் இதை அடையாளம் காண முடியுமா, வீட்டில் உள்ளவர்களின் உடம்புக்கு இது ஒத்துக்கொள்ளுமா, கடையில் காசு கொடுத்து இதை வாங்க முடியுமா என்பவையே அவை. இவற்றுள் கடைசிக் கேள்விதான் என் முடிவைத் தீர்மானித்தது.

நல்வேளையிலிருந்து தொடங்குகிறேன். வேளைக்கீரை, தைவேளை என்றும் இதைச் சொல்வார்கள். தாவரவியலில் கிளியோம் கைனான்ட்ரா. நிமிர்ந்து வளரும் ஓராண்டுச் செடி. விட்டால் இடுப்பளவு உயரத்துக்கும் மேலே போகும். நீண்ட காம்பின் நுனியில் விரித்த கைபோல் ஐந்து சிற்றிலைகள் நிற்கும். சில இலைகளில் மூன்றோ ஏழோ இருப்பதும் உண்டு. தண்டைத் தொட்டால் நுண்ணிய மயிர்கள் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். பூ வெள்ளை நிறம். அதன் நடுவிலிருந்து மெல்லிய கம்பிபோல் ஒரு காம்பு எழும்ப, அதன் பாதி உயரத்திலிருந்து ஆறு மகரந்தத் தாள்கள் பிரிந்து நிற்பதைப் பார்த்துவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் இந்தச் செடியை மறக்க முடியாது. இலையைக் கசக்கி முகர்ந்தால் கடுகை நினைவூட்டும் ஒரு காட்டமான வாடை வரும். வேளையின் குடும்பமும் கடுகுக் குடும்பமும் நெருங்கிய உறவு; கடுகுக்குக் காரம் தரும் கந்தகச் சேர்மங்களின் இனமே இந்த வாடைக்கும் கசப்புக்கும் காரணம்.

இதனோடு குழம்பக்கூடியவை இரண்டு. நாய்க்கடுகு அல்லது நாய்வேளை என்பதன் பூ மஞ்சள். அதன் விதையைக் கடுகுக்குப் பதிலாகத் தாளிப்பவர்கள் உண்டு. மற்றொன்று, இப்போது வாய்க்கால் ஓரங்களில் மிகுதியாகக் காணப்படும், நீலமும் ஊதாவும் கலந்த சிறு பூ உடைய மூவிலைச் செடி. பூக்கும் முன்பே பறிக்கிறவர்களுக்குக் குழப்பம் வரலாம் என்பதால், முதல் ஆண்டு ஒரு செடியைப் பூக்கும் வரை விட்டு, வெள்ளைப் பூவைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வதே நல்லது. அடுத்த ஆண்டு முதல் அதே இடத்தில் அதன் பிள்ளைகள்தாம் முளைக்கும்.

வேளை நம் மண்ணுக்குப் புதியதன்று. சிறுபாணாற்றுப்படையில் பசியால் இடை ஒடுங்கிப்போன ஒரு கிணைமகள் (கிணைப்பறை கொட்டுவோர் குலப் பெண்), குப்பையில் முளைத்த வேளையைத் தன் நகத்தால் கிள்ளி எடுத்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, பிறர் கண்டுவிடக் கூடாதே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பங்கிட்டு உண்கிறாள். இந்தக் கீரையைப் பறிக்க நகத்தைவிட நல்ல கருவி இன்றும் இல்லை. கட்டைவிரல் நகம் பட்ட மாத்திரத்தில் முறிவது கொழுந்து, முறியாமல் நார் இழுப்பது முற்றல். புறநானூற்றில் கோப்பெருஞ்சோழன் பிசிராந்தையாரின் பாண்டி நாட்டைச் சொல்லும் பாட்டில் இதே வேளை இன்னொரு முகம் காட்டுகிறது. அங்கே ஆய்மகள் (இடையர் குலப் பெண்) வேளையின் வெண்பூவைத் தயிரில் இட்டுப் புளிப்பாகச் சமைத்ததை, அவரை கொய்பவர்கள் வரகுச் சோற்றோடு வயிறார உண்கிறார்கள். முந்தைய பாட்டில் வறுமையின் உணவாக இருந்தது, இந்தப் பாட்டில் உழைத்துக் களைத்தவர்களின் விருப்ப உணவாகிறது. நடுவில் நிற்கும் வேறுபாடு உப்பும் தயிரும்தான்.

இதைச் சமைத்துப் பார்க்கும்போதுதான் அந்தத் தயிரின் அருமை புரிந்தது. முதல் முறை மற்றக் கீரைகளைப் போலவே நேராக வதக்கினேன். கசப்பில் பிள்ளைகள் இருவரும் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை. பிறகு எங்கள் அத்தை சொன்னபடி செய்தேன். கொதிக்கும் உப்புத் தண்ணீரில் இலையைப் போட்டு, மூன்று நிமிடத்தில் வடித்து, கை பொறுக்கும் சூட்டில் பிழிந்து, நறுக்கிய சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகாய் வற்றலும் வதங்கிய வாணலியில் கொட்டிப் பிரட்டி, அடுப்பை அணைத்த பின் கடைந்த தயிரை ஊற்றிக் கலக்க வேண்டும். கசப்பு முழுதும் போய்விடுவதில்லை. பாகற்காய் உண்பவர்கள் விரும்பும் அளவுக்கு ஒரு மெல்லிய கைப்பு நாவில் நிற்கிறது. கென்யாவிலும் இதே செடியைச் சந்தைக் கீரையாக வளர்க்கிறார்கள். கசப்பைத் தணிக்க அவர்களும் வேகவைத்த இலையில் பாலைச் சேர்த்து வைத்திருந்து உண்கிறார்கள். தாய்லாந்தில் அரிசி கழுவிய நீரும் உப்பும் சேர்த்து இரண்டு மூன்று நாள் புளிக்கவைத்து ஊறுகாயாக்குகிறார்கள். ஜிம்பாப்வேயில் வேகவைத்து வெயிலில் உலர்த்தி, மழையில்லாத காலத்துக்குச் சேமிக்கிறார்கள். ஒன்றையொன்று அறியாத ஊர்கள் எல்லாம் இந்த இலையைப் பச்சையாகத் தின்னாமல் ஏதோ ஒரு வகையில் பக்குவப்படுத்தியே உண்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

வளர்ப்பதற்கு வேளை கேட்பது வெயில் ஒன்றைத்தான். சோளத்தையும் கரும்பையும் போல, கடும் வெயிலிலும் குறைந்த நீரில் வேகமாக வளரும் ஒளிச்சேர்க்கை முறை இதற்கு உண்டு. முருங்கை நிழலில் முளைத்தவை வெளுத்து ஒல்லியாக நின்றன. நடுப்பாத்தியில் முளைத்தவை அடர்ந்து வளர்ந்தன. தண்ணீர் தேங்கினால் தாங்காது. முளைத்து நான்கு முதல் ஆறு வாரத்தில் நுனியைக் கிள்ளத் தொடங்கலாம். கிள்ளக் கிள்ளப் பக்கக் கிளைகள் வரும். பூங்கொத்தைக் கண்டவுடன் கிள்ளிவிட்டால் இலைப் பருவம் இன்னும் சில வாரம் நீளும். இதன் குறை, பறித்த இலை வெகு விரைவில் வாடிவிடுவது. காலையில் பறித்ததை மதியத்துக்குள் சமைத்தாக வேண்டும். இந்தக் குறையினாலேயே எங்கள் பகுதிக் காய்கறிக் கடைகளில் வேளைக்கீரைக் கட்டை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அடுத்தது பருப்புக்கீரை. சுவையை மட்டும் வைத்துப் பார்த்தால் மூன்றில் எளிதாக வெல்வது இதுதான். சிவந்த சாறுள்ள தண்டு தரையோடு படர்ந்து, கரண்டி வடிவில் தடித்த சிறு இலைகளோடு கிடக்கும். கிளை நுனியில் மஞ்சள் பூ காலை வெயிலில் விரிந்து சில மணி நேரத்திலேயே கூம்பிவிடும். பாசிப்பருப்போடு கூட்டாக வைத்தால் தனியாகப் புளி தேவைப்படாத அளவுக்கு இயல்பான புளிப்பு உண்டு. இந்தப் புளிப்பு நேரத்துக்கு நேரம் மாறும் என்பதை நாவினாலேயே அறியலாம். மண் வறண்டிருக்கும் நாட்களில் இந்தச் செடி இரவில் கரியமில வாயுவை உள்வாங்கி மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேர்த்துவைத்து, பகலில் அதைச் செலவழிக்கிறது. அதனால் விடியற்காலையில் பறித்தால் புளிப்பு கூடுதலாகவும் மாலையில் பறித்தால் குறைவாகவும் இருக்கும். மற்றக் கீரைகளில் குறைவாகவே உள்ள ஒமேகா 3 வகைக் கொழுப்பு அமிலம் இதில் குறிப்பிடத்தக்க அளவு இருப்பது இதன் பெரும் சிறப்பு.

ஆனால் இரண்டு காரணங்களால் என் பாத்தியில் இதற்கு முதலிடம் தர இயலவில்லை. ஒன்று, சிறுநீரகக் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் என்ற உப்பு. கீரைகளிலேயே ஆக்சலேட் மிகுந்தவற்றுள் பருப்புக்கீரையும் ஒன்று. அத்தைக்குச் சிறுநீரகக் கல் வந்து போயிருக்கிறது. மீண்டும் வரலாம் என்று மருத்துவர் எச்சரித்திருக்கிறார். வேகவைத்த நீரை வடித்தால் ஒரு பகுதி போகும். தயிரோடு உண்டால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஆக்சலேட்டைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது குறையும். இருந்தும், கல் வந்த ஒருவர் இருக்கும் வீட்டில் வாரம் இருமுறை பறிக்கக் கூடியதாக இதை வைத்துக்கொள்வது முறையன்று.

மற்றது, அடையாளத்தில் நேர்ந்த பிழை. அதை நானே செய்திருக்கிறேன். முதல் ஆண்டு, கார்த்திகை கடைசியில், வாழையடியில் படர்ந்திருந்ததைப் பருப்புக்கீரை என்று எண்ணிக் கை நிறையப் பறித்துக் கூட்டு வைத்தேன். அன்று இரவே வீட்டில் மூவருக்கும் வயிறு கலங்கியது. மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து செடியைப் பார்த்ததும், "இது சாரணைல்லா தாயி, அதுவும் முத்திப்போனது. இளசாத்தான் இதத் திங்கணும்" என்றார்கள். பிறகு இரண்டையும் பிடுங்கி வாசற்படியில் அருகருகே வைத்துக் காட்டினார்கள். பருப்புக்கீரையின் இலைக்குக் காம்பே இல்லாதது போலத் தண்டோடு ஒட்டியிருக்கும். சாரணையின் இலைக்குத் தெளிவான காம்பு உண்டு. எதிரெதிரே நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. காம்பு தண்டைத் தொடும் இடத்தில் சிறு பை போன்ற உறை இருக்கும். அதற்குள்தான் வெள்ளையோ இளஞ்சிவப்போ ஆன பூ ஒளிந்திருக்கும். முற்றிய சாரணை வயிற்றோட்டம் உண்டாக்கும் என்பது பரவலாக அறியப்பட்ட ஒன்று. அறியாதவள் நானாகத்தான் இருந்தேன். தரையோடு படரும் இன்னொரு கூட்டம் அம்மான் பச்சரிசி இனத்துச் செடிகள். அவற்றைத் தெரிந்துகொள்வது எளிது. தண்டை முறித்தால் பால் வடியும். பருப்புக்கீரையில் தெளிந்த நீர்தான் கசியும். பால் வந்தால் அது கூட்டுக்கு ஆகாது.

பருப்புக்கீரையை ஒதுக்கும்போதும் ஒரு எச்சரிக்கை வேண்டும். களைக்கொட்டால் கொத்தி அங்கேயே போட்டால், அறுந்த ஒவ்வொரு துண்டும் ஈரம் பட்டவுடன் வேர்விட்டுத் தனிச் செடியாகிவிடும். வேரோடு பிடுங்கிப் பாத்திக்கு வெளியே எடுத்துப் போடுவதே வழி. நான் இரண்டு துண்டுகளை மட்டும் உடைந்த மண்சட்டி ஒன்றில் ஊன்றி மாடிப்படி ஓரம் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை பிள்ளைகளுக்குக் கூட்டு வைக்க அதுவே போதும். சட்டியில் இருப்பதால் சாரணையோடு குழம்பவும் வாய்ப்பில்லை.

குப்பைக்கீரையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. மூன்றில் மிக எளிதாக வளர்வதும் மிக எளிதாகச் சமைக்கக் கூடியதும் அதுதான். இலை நுனியில் கத்தரித்தது போன்ற சிறு பிளவு இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். கணுவில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை. அதுவும் இளசில் உண்ணத்தக்கதே. பூண்டு தட்டிப்போட்டுக் கடைந்தால் கேழ்வரகுக் களிக்கு அருமையான துணை. எனினும் சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, முளைக்கீரை எல்லாம் இதே பேரினத்தின் உறவுகள். கீரைக்காரம்மா நாள்தோறும் தெருவில் கொண்டுவருகிறவை. வாங்கக் கிடைக்கும் ஒன்றின் நெருங்கிய உறவுக்கு, இருக்கும் ஒரே பாத்தியைக் கொடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பெயருக்கு ஏற்ப இது குப்பையைத் தேடி வளரும் செடி; மண்ணில் தழைச்சத்து மிகுந்தால், அளவு கூடினால் உடம்புக்கு ஆகாத நைட்ரேட் என்ற உப்பை இலையிலும் அதைவிட அதிகமாகத் தண்டிலும் சேர்த்துக்கொள்ளும். கன உலோகங்கள் கலந்த மண்ணில் நின்றால் அவற்றையும் உறிஞ்சும். மாட்டுக் கொட்டிலையும் சாக்கடை ஓரத்தையும் ஒட்டிப் பசேலென்று கொழுத்து நிற்பதைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. சமைத்த நீரை வடித்துவிடுவதும், சமைத்ததை அன்றே தீர்த்துவிடுவதும், கைக்குழந்தைக்கு இதை மசித்துக் கொடுக்காமல் இருப்பதும் நல்ல பழக்கங்கள்.

மூக்கிரட்டையும் எங்கள் வேலியோரம் படர்கிறது. ஆழமாக இறங்கும் கிழங்கு போன்ற வேர் உடையதால் ஒருமுறை இடம் பிடித்தால் எளிதில் போகாது. சிறுநீரைப் பெருக்கும் மூலிகையாகச் சித்த மருத்துவத்தில் பயன்படுவது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணத் தக்கதன்று என்பதால் அதை உணவுப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. பண்ணைக்கீரை எங்கள் கொல்லையில் முளைப்பதில்லை. மானாவாரிக் காடுகளில் பறிக்க வாய்ப்புள்ளவர்கள் அதை வேளைக்கும் மேலாக வைக்கக் கூடும், அவர்களோடு நான் வழக்காட மாட்டேன்.

ஆகவே என் பாத்தியை நல்வேளைக்குக் கொடுத்தேன். பணம் கொடுத்தாலும் கடையில் கிடைக்காதது அது. நெடிய தண்டும் ஐவிரல் இலையும் வாடையும் சேர்ந்து ஏமாறவிடாமல் தன்னைக் காட்டிக்கொடுப்பதும் அதுவே. கசப்பை விரும்பாத குடும்பத்துக்கு இந்த முடிவு பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கசப்பைத் தொடாத சிறு பிள்ளைகள் மட்டும் இருந்து, யாருக்கும் கல் தொந்தரவு இல்லாத வீடாக இருந்தால் பருப்புக்கீரையைச் சட்டியில் வளர்ப்பதே மேல். கீரைக்காரர் வராத தொலைவில், நல்ல எருவிட்ட சுத்தமான மண்ணோடு வீடு இருந்தால் குப்பைக்கீரைக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல மாட்டேன். எந்தக் கீரையானாலும், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. பச்சை இலைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையில் குறுக்கிடும். களைக்கொல்லி தெளித்த வரப்பிலும் பெருஞ்சாலை ஓரத்திலும் பறிப்பதை இந்த மூன்றுக்கும் பொதுவாகவே விலக்குகிறேன்.

இனி வேளைப் பாத்தியை எப்படி வைத்துக்கொள்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முளைத்தவற்றில் நெருக்கமானவற்றைப் பிடுங்கி, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாக விடுகிறேன். பிடுங்கியவையே முதல் சமையலுக்கு ஆகிவிடும். தை பிறந்ததும் கிள்ளுவதை நிறுத்தி, நன்றாகத் தழைத்த இரண்டு செடிகளை மட்டும் காய்க்க விடுகிறேன். காய் பச்சையிலிருந்து மஞ்சளாக மாறும் தறுவாயில் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வெடித்துக் கத்தரிப் பாத்தி வரை விதை சிதறிவிடும். பறித்த காய்களைப் பழைய வேட்டித் துணியில் முடிந்து வெயிலில் போட்டால், மாலைக்குள் கருத்த சிறு விதைகள் துணியின் மடிப்பில் சேர்ந்திருக்கும். புதிய விதை உடனே முளைக்காது, சில மாதம் உறங்கிய பிறகே நன்றாக முளைக்கும் என்பதால், அந்த முடிச்சை அப்படியே ஐப்பசி வரை பரணில் வைத்திருக்கிறேன்.